ஆடி முடித்தவருக்கு அடுத்த சான்றிதழ்: பிரெஞ்சுக் கால்பந்துப் பயிற்சியாளர் படிப்புகள் எப்படி?

பிரான்சின் நான்காம், ஐந்தாம் அடுக்குகளில் பத்துப் பன்னிரண்டு சீசன் ஆடியவர்களுக்கு முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதில் ஒரு வேலை தானாகத் தேடி வரும். சம்பளம் இருக்காது, கிடைத்தாலும் பெட்ரோல் காசு அளவுக்குத்தான். கிளப் தலைவர் கூப்பிட்டு, "சின்னப் பசங்களுக்கு ஆள் இல்லை, நீ பார்த்துக்கொள்" என்பார். ஞாயிறு தன் ஆட்டம், புதன் மதியம் பசங்கள் என்று ஓடும். இரண்டு மூன்று வருஷம் கழித்து முதல் அணிப் பொறுப்பு காலியாகி அவர் பெயர் அடிபடும்போது, வட்டார லீகிலிருந்து கேள்வி வரும்: என்ன டிப்ளோமா வைத்திருக்கிறார்?

அந்த டிப்ளோமாவை வேறெங்கும் போய் வாங்க முடியாது. பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பும், பெருநிலப் பிரான்சில் அதன்கீழ் இயங்கும் 13 வட்டார லீகுகளும்தான் படிப்பை நடத்துகின்றன. போட்டிக் கடை இல்லாத சேவை என்பதால் விலை, நேரம், தரம் மூன்றையும் கொஞ்சம் கறாராகவே பார்க்க வேண்டியிருக்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கீழ்ப்படிகள் கொடுத்த காசுக்கு மேலேயே தருகின்றன. நடுப்படியான பி.எம்.எஃப். பயிற்சியைத் தொழிலாக எடுக்க நினைப்பவருக்குத் தகும். அதற்கு மேலுள்ள பி.இ.எஃப். கிளப் செலவை ஏற்றால் மட்டும். உச்சிப் படியான பி.இ.பி.எஃப். (யூஃபா ப்ரோ உரிமம்) கீழ்ப்பிரிவிலிருந்து வருபவருக்குப் பெயரளவில் திறந்திருக்கும் கதவு.

படிகளைப் புரிந்துகொள்ள அடுக்குகள் தெரிந்திருக்க வேண்டும். லீக் 1, லீக் 2, பிறகு நசியோனால், நசியோனால் 2, நசியோனால் 3. அதற்குக் கீழே வட்டார அளவில் ரெஜியோனால் 1, 2, 3, அப்புறம் மாவட்டப் பிரிவுகள். 2017 வரை நசியோனால் 2-ஐ சி.எஃப்.ஏ. என்றும், நசியோனால் 3-ஐ சி.எஃப்.ஏ. 2 என்றும், ரெஜியோனால் 1-ஐ திவிசியோன் தோனர் என்றும் சொன்னார்கள். பழைய ஆட்டக்காரர் பேச்சில் இன்னும் அந்தப் பெயர்கள்தான் வரும். நசியோனால் தொடங்கி நசியோனால் 3 வரை கிளப்புகள் "கோந்த்ரா ஃபெதெரால்" என்ற கூட்டமைப்பு ஒப்பந்தத்தில் ஆட்டக்காரரை வைத்துக்கொள்ளலாம். அது லீக் 1, லீக் 2-இன் தொழில்முறை ஒப்பந்தம் அல்ல. இந்த வேறுபாடு பின்னால் படிப்பில் சேரும்போது கடிக்கும்.

கீழ்ப்படிகள்

நீண்ட காலம் நடைமுறையில் இருந்தவை சி.எஃப்.எஃப். 1, 2, 3, 4 என்ற கூட்டமைப்புச் சான்றிதழ்கள். ஒன்றாவது ஆறு முதல் பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு, இரண்டாவது பன்னிரண்டு முதல் பதினைந்து, மூன்றாவது பதினாறு முதல் பெரியவர் அணி வரை. நான்காவதில் பந்து இல்லை, கிளப்பின் கல்வித் திட்டமும் சங்கத் திட்டமும்தான். இப்போது ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபாவின் சி உரிமம் முதலான புதுச் சான்றிதழ்கள் இவற்றின் இடத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஆனாலும் கிளப் கேன்டீனில் யாரைக் கேட்டாலும் சி.எஃப்.எஃப். கணக்கில்தான் பேசுகிறார்கள்.

முதல் மூன்றிலும் இரண்டிரண்டு மாடுல் (பாடப் பகுதி), மாடுலுக்கு 16 மணி நேரம், அதாவது இரண்டு நாள். சான்றிதழ்த் தேர்வு தனி நாளில் நடக்கும். பெரும்பாலும் பள்ளி விடுமுறைகளில், பிள்ளைகள் கிடைக்கும் நேரம் பார்த்து வைப்பார்கள். காலையில் வகுப்பு, பிற்பகலில் மைதானம், நிஜப் பிள்ளைகளுடன். கட்டணம் லீகுக்கு லீக் மாறும், பெரிய தொகை இல்லை. கூட்டமைப்பின் 25 யூரோ "போன்" கழிவுச் சீட்டுகளும் உண்டு. கிளப் செயலாளரிடம் கேட்காமல் முழுக் கட்டணத்தைக் கையிலிருந்து கட்டுவது வீண்.

இந்தப் படியில் பழைய ஆட்டக்காரர் கற்றுக்கொள்வது கால்பந்து அல்ல, பயிற்சித் தாள் எழுத. சிறிய விஷயமாகத் தெரியும். படிப்பின் உயிரே அதுதான்.

தாளில் என்ன இருக்கும்? கூட்டமைப்பின் முறையில் ஒரு பயிற்சி நேரம் மூன்று வகைத் துண்டுகளால் ஆனது. ஒன்று ஆட்டம்: இரு அணி, இரு இலக்கு, கோச் வாயை மூடிக்கொண்டு பார்ப்பது. இரண்டு சூழல்: உண்மை ஆட்டத்தின் ஒரு சிக்கலை மட்டும் வெட்டி எடுத்து, எதிராளியோடு, பலமுறை நடத்துவது, இங்கே நிறுத்தலாம், கேள்வி கேட்கலாம். மூன்று பயிற்சி: எதிராளி இல்லாமல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப. ஒவ்வொரு துண்டுக்கும் நோக்கம், எத்தனை பேர், எவ்வளவு இடம், எத்தனை நிமிடம், விதிகள், கோச் சொல்லப்போகும் இரண்டு மூன்று வாக்கியம், வெற்றியை எதை வைத்து அளப்பது, சுலபமாக்கவும் கடினமாக்கவும் என்ன மாற்றுவது என்று எல்லாம் எழுத வேண்டும். கருப்பொருளும் வகுக்கப்பட்டதுதான். பந்து கையில் இருக்கும்போது காத்து முன்னேறுவது, எதிரணியின் அமைப்பைக் குலைப்பது, கோலாக முடிப்பது. பந்து இல்லாதபோது முன்னேற்றத்தைத் தடுப்பது, பறிப்பது, தன் கோலைக் காப்பது.

ஒரு மாதிரி. பதிமூன்று வயதுக்குட்பட்டோர், 14 பேர், செயற்கைப் புல் மைதானத்தில் பாதி (மறு பாதியில் இன்னொரு அணி). கருப்பொருள் காத்து முன்னேறுதல். நான்காம் அளவுப் பந்து 14, மூன்று நிறத்தில் பிப் (அணி பிரிக்கும் மேலாடை), சிறு கோல் நான்கு, தட்டு மார்க்கர் இருபதுக்கு மேல். முதல் 15 நிமிடம் பந்தோடு உடம்பைச் சூடாக்குதல். அடுத்த 15 நிமிடம் ஏழுக்கு ஏழு ஆட்டம். பிறகு 20 நிமிடம் சூழல்: 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், நாலுக்கு நாலு, நடுவில் பந்து வைத்திருக்கும் அணிக்கே உதவும் இரண்டு ஜோக்கர். வெளியே மிஞ்சும் நால்வர் அடுத்த சுற்றில் மாறி உள்ளே வருவார்கள். மூன்று நிமிடச் சுற்றுகள், இடையில் ஒன்றரை நிமிட ஓய்வு. பிறகு பத்து நிமிடம் இரட்டையராக, பந்து வருமுன் திரும்பிப் பார்த்து, பந்து வரும் பக்கத்துக்குத் தொலைவான காலால் வாங்கி அடுத்த பக்கம் திறக்கும் பயிற்சி. கடைசி 20 நிமிடம் மீண்டும் ஆட்டம்.

இதில் எங்கே சறுக்கும் என்பது கிட்டத்தட்ட எல்லோருக்கும் பொது. சூழலில் இரண்டாவது மூன்றாவது பாஸிலேயே பந்து போய்க்கொண்டிருந்தால் பசங்கள் மோசம் என்று அர்த்தமில்லை, இடம் சிறிது. ஐந்து மீட்டர் அகலம் கூட்ட வேண்டும், அல்லது ஜோக்கரை மூன்றாக்க வேண்டும். யாரும் பந்தை இழக்கவே இல்லை என்றால் இடம் பெரிது, எதிரணி நெருக்க முடியவில்லை, சுருக்க வேண்டும். புதியவர் இரண்டையும் செய்யாமல் குரலை உயர்த்துவார். தேர்வாளர் நோட்டில் முதலில் குறிப்பது இதைத்தான். பக்கத்துப் பக்கத்து இரண்டு கட்டங்களுக்கும் ஒரே நிற மார்க்கர் வைப்பது அடுத்த பொதுப் பிழை. பத்து வயதுப் பிள்ளை அடுத்த கட்டத்துக்குள் நுழைந்துவிட்டு ஏன் விசில் அடிக்கிறார்கள் என்று விழிக்கும். கட்டத்துக்கு ஒரு நிறம் என்று வைத்துவிட்டால் பாதிக் கத்தல் மிச்சம்.

நல்ல ஆட்டக்காரராக இருந்தவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தானே காட்டிவிடுவார். முப்பது மீட்டர் பாஸை ஒரு முறை அழகாக வைத்துக் காட்டிவிட்டு, "இப்படித்தான்" என்பார். பசங்கள் கைதட்டுவார்கள், கற்றுக்கொள்ள மாட்டார்கள். செய்து காட்டுவதற்கு இடம் மூன்றாம் துண்டில் மட்டும், சூழலில் கேள்விதான் கருவி என்று படிப்பு வற்புறுத்துகிறது: "இப்போது உனக்கு யார் காலியாக இருந்தார்கள்?" இருபது வருஷம் உத்தரவு கேட்டே ஆடிய ஆளுக்கு இது எளிதில் வராது. இரண்டு நாள் மாடுல் முடிவதற்குள் முக்கால்வாசிப் பேர் கொஞ்சமாவது மாறுகிறார்கள் என்பதே இந்தச் சேவைக்குக் கொடுக்கக்கூடிய பெரிய மதிப்பெண்.

அளவு விஷயங்களும் இங்கேதான் மண்டையில் ஏறும். எட்டு, ஒன்பது வயதில் ஐந்துக்கு ஐந்து, மூன்றாம் அளவுப் பந்து. பத்து முதல் பதிமூன்று வரை எட்டுக்கு எட்டு, பாதி மைதானம், 6 மீட்டருக்கு 2.10 மீட்டர் கோல், நான்காம் அளவுப் பந்து. பதினான்கிலிருந்து பதினொருவர் ஆட்டம், 7.32-க்கு 2.44 மீட்டர் கோல், ஐந்தாம் அளவுப் பந்து. பல கிளப் குட்டிகள் கூடி ஆடும் சனிக்கிழமைப் "பிளாத்தோ"களில் தரவரிசைப் பட்டியலே கிடையாது. பட்டியல் கேட்டு நச்சரிக்கும் பெற்றோரைச் சமாளிக்க எந்த மாடுலும் சொல்லித் தருவதில்லை, அது வேறு.

பாரிஸ் புறநகரில் பிள்ளையைக் கிளப்பில் சேர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கும் இந்த விவரம் உதவும். கிளப்பின் கோப்பை அலமாரியைப் பார்ப்பதைவிட, அந்த வயது அணிக்குப் பொறுப்பானவர் அந்த வயதுக்கான சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். நசியோனாலில் ஆடியவர் என்று பெருமையாகச் சொல்லப்படும் ஒருவர், எட்டு வயதுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகக் கோலடிக்க வைத்துக்கொண்டிருந்தால், உங்கள் பிள்ளை ஒரு மணி நேரத்தில் பந்தைத் தொடுவது பத்துப் பதினைந்து தடவைதான். பாரிஸ் புறநகரான போண்டியில் இதற்கு நேர்மாறான உதாரணம் எல்லோருக்கும் தெரியும். கீழ்மட்டத்தில் ஆடி, ஏ.எஸ். போண்டி கிளப்பில் சிறுவர்களைப் பழக்கிய வில்ஃப்ரித் எம்பாப்பேயின் மகன்தான் கிலியன். எல்லாப் பிள்ளையும் கிலியன் ஆகாது; ஆனால் நல்ல கோச் எட்டு வயதில் வேண்டுமே தவிர பதினெட்டில் அல்ல.

பி.எம்.எஃப்.: சம்பளத்துக்கான முதல் படி

கீழ்ப்படிச் சான்றிதழ்கள் தன்னார்வலருக்கானவை. பயிற்சிக்குக் காசு வாங்க வேண்டுமானால், அரசு அங்கீகாரமுள்ள தகுதி வேண்டும். அதில் கால்பந்துக் கூட்டமைப்பின் முதல் படி பி.எம்.எஃப். யூஃபா கணக்கில் அது பி உரிமம். லீகின் பயிற்சி நிலையமான ஐ.ஆர்.2.எஃப். நடத்துகிறது. முதலுதவிச் சான்றிதழ் (பி.எஸ்.சி., ஏழு மணி நேரப் படிப்பு), மருத்துவச் சான்று, பிறகு சேர்க்கைத் தேர்வு. சேர்ந்த பிறகு நிலையத்தில் சில நாள், தன் கிளப்பில் பல வாரம் என்று மாறி மாறி ஓடும்.

இதன் பலமும் பலவீனமும் அந்த மாறி மாறி ஓடும் ஏற்பாட்டில்தான். திங்கள் செவ்வாய் கேட்டதைப் புதன் மாலை தன் அணியிடம் செய்து பார்த்து, தேறாததை அடுத்த அமர்வில் கொண்டுவந்து வைக்கலாம். காகிதப் படிப்பாக ஆகிவிடாமல் காப்பாற்றுவது அதுதான். ஆனால் கிளப்பில் ஒரு வழிகாட்டி வேண்டும், அவருக்குத் தகுந்த டிப்ளோமா இருக்க வேண்டும், பயிலுநரிடம் ஒரு அணி முறையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். பெரிய ஊர்க் கிளப்பில் இது ஒரு கையெழுத்து வேலை. கிராமத்துக் கிளப்பில் வழிகாட்டியாக இருக்கத் தகுதியானவரே இல்லை, பதினைந்து வயதணிக்கு ஆள் சேராமல் பக்கத்து ஊரோடு இணைத்திருப்பார்கள். கீழ்ப்பிரிவு ஆட்டக்காரர்கள் ஓய்வுபெற்றுப் போய்ச் சேர்வது பெரும்பாலும் அப்படிப்பட்ட கிளப்பில்தான் என்பதை இந்த ஏற்பாடு கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

அமர்வுகள் வேலை நாட்களில் விழுவது அடுத்த குறை. கிடங்கிலோ நகராட்சியிலோ வேலை பார்த்துக்கொண்டு ஆடியவருக்கு, மாதத்தில் இரண்டு மூன்று நாள் விடுப்பு என்பது முதலாளியிடம் கெஞ்சும் விஷயம். முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் சங்கமான யு.என்.எஃப்.பி. வழியாக மறுவாழ்வுப் பயிற்சி, தொழில்முறை அனுபவத்துக்குச் சலுகை என்று தனி வழிகள் உண்டு. நசியோனால் 2-இல் பத்து வருஷம் கூட்டமைப்பு ஒப்பந்தத்தில் ஆடியவர் அந்த வரிசையில் நிற்கப் போனால், பெரும்பாலும் பொது வரிசையைக் காட்டுவார்கள். ஆட்ட அறிவில் இருவருக்கும் இடைவெளி அவ்வளவு இல்லை, ஒப்பந்தத் தாளில்தான் இருக்கிறது.

செலவு? முழுக் கட்டணம் சில ஆயிரம் யூரோ. கையிலிருந்து முழுவதும் கட்டுபவர் யாரும் இருக்கக் கூடாது. 29 வயது வரை என்றால் அப்ரென்தி (தொழிற்பயிலுநர்) ஒப்பந்தம் கேளுங்கள். படிப்புக் கட்டணம் பயிலுநருக்கு இல்லை, மேலே ஊதியமும் வரும். வயது தாண்டியவருக்கு சி.பி.எஃப். என்ற அரசுத் தொழிற்பயிற்சிக் கணக்கு: முழுநேர வேலை செய்பவருக்கு வருஷம் 500 யூரோ வீதம் 5,000 வரை சேரும், 2024 மே முதல் ஒரு சிறு தொகையை நம் பங்காகக் கட்ட வேண்டும். கிளப்பில் சம்பளப் பட்டியலில் இருப்பவர் என்றால் விளையாட்டுத் துறைக்கான அஃப்தாஸ் நிதியிடம் கிளப்பே விண்ணப்பிக்கலாம். பல வருஷமாகப் பயிற்சி கொடுத்து வருபவருக்கு இன்னொரு வழி, வி.ஏ.இ. எனப்படும் அனுபவ அங்கீகாரம். வகுப்பு இல்லை, முதலில் தகுதிப் படிவம், பிறகு தான் செய்த வேலையை விவரிக்கும் தடித்த கோப்பு, கடைசியில் நடுவர் குழு. சுலபம் என்று நினைத்து இறங்குபவர்கள் கோப்பில் மாட்டுகிறார்கள். "நான் 4-3-3 ஆடவைத்தேன்" என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். ஏன் அந்த அமைப்பு, எந்த வாரம் என்ன குறை தெரிந்தது, எந்தப் பயிற்சியால் திருத்தினீர்கள், எப்படி அளந்தீர்கள் என்று வேண்டும். பழைய பயிற்சித் தாள்களைத் தூக்கிப் போடாதவருக்கே இந்த வழி.

பி.இ.எஃப்.: யாருக்கு?

ரெஜியோனால் 1 அணியின் தலைமைப் பயிற்சியாளருக்கு பி.இ.எஃப். கட்டாயம், ரெஜியோனால் 2-க்கு பி.எம்.எஃப். போதும். உரிய டிப்ளோமா இல்லாமல் ஆளை உட்கார வைத்தால் ஆட்டத்துக்கு ஆட்டம் அபராதம், நீடித்தால் புள்ளியும் போகலாம். முக்கிய விலக்கு, தன் அணியைத் தானே மேல் பிரிவுக்கு ஏற்றியவருக்கு. ஒரு படி கீழான டிப்ளோமாவோடு அந்த அணியை அவர் தொடர்ந்து நடத்த விலக்கு கேட்கலாம். விலக்கு அந்தக் கிளப்புக்கும் அந்த அணிக்கும்தான், வேறு கிளப்புக்குப் போனால் கூட வராது. இதைத் தெரியாமல் பதவி உயர்ந்த சூட்டில் பக்கத்து ஊருக்குத் தாவியவரை வைத்துக்கொண்டு, சீசன் தொடக்கத்தில் மூன்றாவது ஆளின் பெயரைத் தாளில் போட்டு ஓட்டும் கிளப்புகள் உண்டு. லீக் அலுவலகத்துக்கு இந்த வித்தை புதிதல்ல. தாளில் இருப்பவர் பெஞ்சில் எழுந்து பேசுகிறாரா என்று பார்க்கவே ஆள் வரும்.

மேலே போனால் அபராதத் தொகையும் மேலே போகிறது. 2022-23 சீசனில் ரைம்ஸ் கிளப், யூஃபா ப்ரோ உரிமம் இல்லாத வில் ஸ்டில்லைத் தலைமையில் வைத்துக்கொள்ள ஆட்டத்துக்கு 25,000 யூரோ கட்டியது. ரைம்ஸால் கட்ட முடிந்தது. ரெஜியோனால் 1 கிளப்பின் பொருளாளருக்கு அதில் நூறில் ஒரு பங்கே வயிற்றைக் கலக்கும்.

பாடத்தின் தரத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஒரு வாரச் சுழற்சியை அமைப்பது, ஆட்டத்தைப் பகுத்துப் பார்ப்பது, இருபது பேர் கொண்ட பெரியவர் குழுவை நடத்துவது எல்லாம் உருப்படியாகவே இருக்கிறது. குறை கணக்கில். வாரம் இரண்டு மூன்று மாலைப் பயிற்சியும் ஞாயிறு ஆட்டமும் உள்ள அடுக்குக்கு, தொழில்முறைக்கு நெருக்கமான படிப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அந்த அடுக்கின் கோச் பலர் வேறு வேலையில் பிழைப்பவர்கள். செவ்வாய் இரவு பயிற்சிக்கு 18 பேர் வருவதாகச் சொல்லி 11 பேர் வருவார்கள், ஷிஃப்ட் மாறியது என்று ஆறு மணிக்குக் குறுஞ்செய்தி வரும். பாடத்தில் வரையும் வாரச் சுழற்சியில் இந்த ஏழு பேருக்கு இடமில்லை. பதினொருவருக்கு எழுதி வைத்த மாற்றுத் தாள் ஒன்று எப்போதும் பையில் இருக்க வேண்டும் என்பதை யாராவது பழைய கோச் சொல்லித்தான் தெரிகிறது.

எனவே கிளப் எழுத்தில் "கட்டணம் நாங்கள் கட்டுகிறோம், இத்தனை சீசன் ஒப்பந்தம்" என்று தந்தால் சேருங்கள். "முதலில் முடித்துவிட்டு வா, பார்க்கலாம்" என்றால் வேண்டாம். முடித்துவிட்டு வரும்போது தலைவர் மாறியிருப்பார்.

பாடத்தில் இல்லாதவை

மைதானத்துக்குள் நடப்பதில் இந்தப் படிப்புகள் கெட்டி. மைதானத்துக்கு வெளியே ஒல்லி. உள்ளூர் கோச்சின் வாரத்தில் பாதி வெளியேதான் போகிறது. எஃப்.எம்.ஐ. என்ற மின்னணு ஆட்டத் தாளை எடுத்துக்கொள்வோம். டேப்லெட்டில் முந்தைய நாளே அணியை ஏற்றி, ஆட்டத்தன்று கிளம்பும் முன் இணையத்தில் ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும். போகும் மைதானத்தில் சிக்னல் இருக்காது. புதுப்பிக்காமல் போனால் புதிதாகத் தடை பெற்ற ஆட்டக்காரர் பட்டியலில் தெரியாமல் போவார், அவரை ஆடவைத்தால் ஆட்டமே பறிபோகும். முடிந்ததும் நடுவர், இரு தரப்பு கையொப்பம், அன்றைக்கே அனுப்புதல். தவறினால் மாவட்டக் கழகம் அபராதச் சீட்டை கிளப்புக்கு அனுப்பும், கிளப் கோச்சைப் பார்க்கும். காகிதத் தாள் ஒன்றைப் பையில் மாற்றாக வைத்திருப்பது நல்லது.

வண்டி இன்னொன்று. சாதாரண பி வகை ஓட்டுநர் உரிமத்தில் ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது இருக்கை வரைதான். 14 ஆட்டக்காரர், கோச், மேலாளர் என்றால் இரண்டு மினிபஸ், இரண்டு ஓட்டுநர். நகராட்சி மினிபஸ் அந்த ஞாயிறு ஹேண்ட்பால் கிளப்புக்குப் போயிருக்கும். குளிர்காலத்தில் நகராட்சி வெள்ளிக்கிழமை மாலை புல் மைதானத்தை மூடி உத்தரவு போடும், அப்போது மாற்று மைதானம் யாரிடம் கேட்பது என்பதும் எந்தத் தாளிலும் இல்லை. நான்காவது சி.எஃப்.எஃப். இந்தப் பக்கத்தைத் தொடும் என்று எதிர்பார்க்கலாம். அது திட்டம் எழுதச் சொல்லித் தருகிறது, திட்டம் கெடும்போது என்ன செய்வது என்பதை அல்ல.

இந்த வழியில் ஏறியவர்கள்

விளம்பரத்தில் எப்போதும் மேலே ஏறியவர்கள் முகம்தான் வரும். ஆனாலும் சில வழித்தடங்கள் பார்க்கத் தகுந்தவை. ஃப்ராங்க் ஹேஸ் ரூவான், லவால், போவே, ஆஞ்ஜே என்று இரண்டாம் மூன்றாம் பிரிவுகளிலேயே ஆடி முடித்தவர். 2003-இல் மாயென் என்ற சிற்றூர்க் கிளப்பில் பயிற்சியாளரானார். பிறகு ரென், லோரியான், லான்ஸ் கிளப்புகளின் இளையோர், இரண்டாம் நிலை அணிகள். லான்ஸ் முதல் அணி அவர் கைக்கு வந்தது 2020 பிப்ரவரியில், வயது 48. 2022-23-இல் அந்த அணி 84 புள்ளியோடு, பி.எஸ்.ஜி.க்கு ஒரே புள்ளி பின்னால், இரண்டாவதாக முடித்தது. மாயெனிலிருந்து லான்ஸ் முதல் அணிக்கு வரப் பதினேழு வருஷம். டிப்ளோமா கதவைத் திறந்தது என்பதைவிட, கதவு திறக்கும் வரை மைதானத்தில் நிற்கவைத்தது என்பதே பொருத்தம்.

கிறிஸ்தோஃப் பெலிசியே தொழில்முறையில் ஆடவே இல்லை. துலூஸ் பக்கத்து அமெச்சூர் கிளப்புகள், பிறகு அறுநூற்றுச் சொச்சம் பேர் வாழும் லுசெனாக் ஊர் அணி. 2014-இல் அந்த அணி ஆடி லீக் 2-க்குத் தகுதி பெற்றது. மைதானம், நிதி காரணம் காட்டித் தொழில்முறை லீக் நிர்வாகம் சேர்க்க மறுத்தது. நல்ல கோச் என்ன செய்தாலும் இருக்கை எண்ணிக்கையை அவரால் கூட்ட முடியாது. பெலிசியே அமியானுக்குப் போனார். 2016-இல் லீக் 2, 2017 மே மாதம் ரைம்ஸில் 90 நிமிடம் முடிந்து சேர்த்த நேரத்தின் ஆறாவது நிமிடக் கோலில் லீக் 1. பின்னர் லோரியானையும் ஓசேரையும் லீக் 2 பட்டத்தோடு மேலே ஏற்றினார்.

எர்வே ரெனார் கான் அணியிலிருந்து கீழிறங்கி வலோரிஸ், திராகினியான் என்று ஆடியவர். 1999-இல் திராகினியானில் பயிற்சியாளரானபோது அவருக்குச் சோறு போட்டது கட்டடம் துப்புரவு செய்யும் வேலை. சாம்பியாவோடு 2012-லும் ஐவரி கோஸ்ட்டோடு 2015-லும் ஆப்பிரிக்கக் கோப்பை, 2022 உலகக் கோப்பையில் சவூதியோடு அர்ஜென்டினாவை 2-1. பிரான்சுக்குள் கிடைக்காத வாய்ப்பை வெளியே தேடிய வழி அது. பி.இ.பி.எஃப். இருக்கை ஆண்டுக்குப் பத்துப் பேர் அளவில்தான் என்றிருக்கும்போது, அந்த வழி இன்றைக்கும் பலருக்கு நியாயமான கணக்கு.

கீ ரூவை மட்டும் உதாரணமாகச் சொல்லாதீர்கள். 1961-இல் 22 வயதில் ஓசேரின் ஆட்டக்காரப் பயிற்சியாளராகி, திவிசியோன் தோனரிலிருந்து 1980-இல் முதல் பிரிவு, 1996-இல் லீகும் கோப்பையும் ஒரே சீசனில். அந்த அடுக்கு இன்றைய ரெஜியோனால் 1. அதே இளைஞர் இன்று வந்து நின்றால் லீக் அலுவலகம் முதலில் பி.இ.எஃப். கேட்கும்.

சேர நினைப்பவருக்கு

ஆடிக்கொண்டிருக்கும்போதே தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். முப்பதில் சிறுவர் மாடுல்களை முடித்து, ஒரு சீசன் பத்து வயது அணியோடு ஓட்டிவிட்டு, சேர்க்கைத் தேர்வுக்குப் போனால் பேச விஷயம் இருக்கும். நேர்காணலில் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைச் சொல்பவரைவிட, தன் அணியில் ஒரு பிள்ளை அக்டோபரில் என்ன செய்தது, மார்ச்சில் என்ன செய்கிறது என்று சொல்பவருக்கே இடம் கிடைக்கிறது. அடுத்த சீசன் சேர்க்கைக்கான விண்ணப்பங்கள் வசந்தத்திலிருந்தே திறக்கும், லீகின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலையில் போய் நின்றால் அடுத்த வருஷம்தான்.

டிப்ளோமா வந்த பிறகு மறந்துவிடும் இரண்டு காகிதம். ஒன்று, புதுப்பிப்புப் பயிற்சி: மூன்று வருஷத்துக்குள் குறைந்தது 15 மணி நேரம், யூஃபா விதி, விட்டுவிட்டால் பயிற்சியாளர் உரிமம் புதுப்பிக்கப்படாது. மற்றொன்று, அரசு தரும் விளையாட்டுப் பயிற்சியாளர் தொழில் அட்டை. ஐந்து ஆண்டு செல்லும், குற்றப் பதிவுச் சரிபார்ப்புக்குப் பிறகே தருவார்கள், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். படித்துக்கொண்டிருப்பவர் ஊதியம் வாங்குவதானால் பயிலுநர் சான்று போதும். கிளப் முதல் சம்பளம் போடுவதற்கு முன்பே இரண்டில் ஒன்று கையில் இருக்க வேண்டும்.